வடிவு அக்காவின் கால்கள்

புளியடிக்குளத்தில் பொருள்கள் தத்தம் சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்துபோக ஆரம்பித்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம், தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம் என்பதால் ஒருத்தரும் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. ஏணி நடக்கிறதென்று வேடிக்கை பார்க்கப் போனால் குழாயடியில் வரிசை போய்விடும், ஏணி நாளைக்கும் நடக்கும், தண்ணீர் நாளைக்கு வராது. அது ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் மூங்கில் ஏணி. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கவென்று கொத்தனார் மிக்கேல் இரவல் வாங்கிப்போய், வெள்ளையடித்து, அடித்த வெள்ளை மழையில் கரைந்து, ஆடி மாதமும் பிறந்துவிட்ட பிறகு, சுவரில் சாய்ந்து கிடந்த அது தானாக நிமிர்ந்து, ஒரு காலை எடுத்து வைத்து, மறு காலை எடுத்து வைத்து, வேட்டி கட்டிய நெட்டையன் ஒருவன் சேற்றில் நடப்பதுபோலத் தெருவின் நடுவே வந்தது. நான் சும்மா இருப்பேனா? அச்சு அசலாக மிக்கேல் குரலில் அதட்டினேன்: "ஏய், நில்லு! நாளைக்குத் தாரேன்னு சொல்லியிருக்கேம்லா?" ஏணி ஒரு நொடி நின்றது. அந்தக் குரல் அதற்குத் தெரியும், அந்த 'நாளைக்கு'வும் தெரியும், அதனாலேயே முன்னைவிட வேகமாக நடந்தது. ஐயம்பெருமாள் அண்ணாச்சி கதவைத் திறந்தார். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த மகனைப் பார்ப்பதுபோல அதை ஏற இறங்கப் பார்த்து, "ரெண்டு படி லூசாகிப்போச்சே, சாப்பாடு சரியில்லையோ" என்றார்.

ஏணிக்குப் பின்னால் மற்றவையும் வந்தன. சாயங்காலமானால் போதும், வெயில் சுவர் உச்சிக்கு ஏறியதும், கடப்பாரை தத்தித் தத்தி வரும், இட்லிக் கொப்பரை மூடியைத் தலைமேல் பிடித்துக்கொண்டு வரும், தையல் ஊசி தன்னுடைய நூலை வாலாக இழுத்துக்கொண்டு வரும், கல்யாணத்துக்கு வாங்கிப்போன ஜமுக்காளம் அலையடித்துக்கொண்டு வரும், சைக்கிள் பம்பு ஒற்றைக் கால் நொண்டி ஆடிக்கொண்டு வரும். முதல் நாள் நாய்கள் குரைத்தன, இரண்டாம் நாள் முகர்ந்து பார்த்தன, அப்புறம் அவையும் ஓரமாகப் படுத்துக்கொண்டன. தாய்மார்கள் தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்து, "ஏலே, தள்ளி நில்லு, அண்டா வருதுல்லா!" என்று கத்தினார்கள். வீடுகளில் சாயங்காலம் கதவை ஒருச்சாய்த்து வைக்கிற பழக்கம் வந்தது, போகிறது போகட்டும், வருகிறது வரட்டும் என்று. பெண் பார்க்க வருகிறவர்கள் காலையில் வருவதை விட்டுவிட்டுச் சாயங்காலமாக வந்து எதிர்வீட்டில் உட்கார்ந்து, அந்த வீட்டிலிருந்து என்னென்ன வெளியே போகிறது என்று பார்த்துவிட்டு, பஜ்ஜி சாப்பிடாமலே எழுந்துபோனார்கள்.

பாத்திரங்கள் மட்டும் ஒரு வழக்கத்தை விடவில்லை. இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு கை சீனியோ நாலு முறுக்கோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாத்திரங்களுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. கிளம்பின தூக்குவாளி நிலைப்படியில் நின்று டொக்கு டொக்கென்று தட்டும், உள்ளே ஏதாவது விழுகிறவரை நகராது. அரக்கப் பரக்க ஓடி, ஒன்றுமே அகப்படாமல், ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் போட்டு அனுப்பிய வீடுகள் உண்டு.

எங்கள் ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? இரவல் பாத்திரங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு பேர் வெட்டுகிற ஆசீர் கடைக்கு ஓடி, தங்கள் பேரை வெட்டிவைத்தார்கள். பேர் வெட்டினால் தங்கிவிடும் என்று நினைப்பு. அந்தப் பாத்திரங்கள் புதுப் பேரைச் சுமந்துகொண்டே பழைய வீட்டுக்குப் போயின, ஊர் முழுக்க வாசித்துச் சிரித்தது.

கொஞ்ச நாளில் அதனுடைய நியாயம் எல்லாருக்கும் பிடிபட்டது. இஸ்திரி போடக் கொடுத்த சட்டை, இஸ்திரி போட்டு முடிகிறவரை கோயில்பிச்சை அண்ணன் தள்ளுவண்டியில் அடக்கமாகக் கிடக்கும். போட்டு மடித்ததும், மடிப்புக் கலையாமல் வீட்டுக்குப் போகும். டெய்லரிடம் கிடந்த ரவிக்கைகள் ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் அவர் ஒன்றையும் தைத்து முடித்திருக்கவில்லை. கெடு சொல்லி வாங்கினது கெடுவரைக்கும் நிற்கும். பஸ்ஸில் கண்டெடுத்த குடை ஒன்று, எடுத்தவர் கக்கத்திலிருந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய், சங்கரன்கோவில் வண்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனது; கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. மனசோடு கொடுத்த அன்பளிப்பு அசையவே இல்லை. மனசில்லாமல், ஊருக்காகக் கொடுத்தது கொடுத்தவரிடமே திரும்பிவந்து, அவரை எல்லார் முன்னாலும் தலைகுனிய வைத்தது. ஒரே ஒரு ஹாட்பேக் மட்டும் எங்களை ஏமாற்றிவிட்டது. கல்யாணத்துக்குக் கல்யாணம், வீட்டுக்கு வீடு, பிரிக்காத காகிதத்தோடு கைமாறின ஹாட்பேக் அது. எத்தனை வீட்டுக்குப் பின்னோக்கி நடக்கப் போகிறதோ என்று தெருவே காத்திருந்தது. அது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒவ்வொருத்தரும் அதை அவ்வளவு சந்தோஷமாகத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

வக்கீல் சங்கரலிங்கம் டீக்கடையில் இதற்கு விளக்கம் சொன்னார். அவருக்கு டீ ஆறினாலும் பரவாயில்லை, வாக்கியம் ஆறக் கூடாது. "அதாகப்பட்டது, இரவல் வேற, ஒப்படைப்பு வேற, தானம் வேற. தானம்னா மூணு சங்கதி வேணும் கேட்டியளா. குடுக்கவனுக்கு மனசு. வாங்குதவனுக்குச் சம்மதம். பொருள் கைமாறணும். இதுக்கெல்லாம் மேல, குடுக்கவனுக்கு அது சொந்தமா இருக்கணும். ஊரான் மாட்டை நான் தானம் பண்ண முடியுமாவே? சட்டத்துல தெளிவா என்ன போட்டிருக்குன்னா..." என்று கையில் இருந்த புத்தகத்தைத் திறந்தார். வெயில் சுவர் உச்சிக்கு ஏறியது. புத்தகம் பட்டென்று மூடிக்கொண்டு, அவர் மடியிலிருந்து குதித்து, கோர்ட்டு நூலகம் இருக்கிற திசையில் போய்விட்டது.

வடிவு அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. அப்பா ஆதிமூலம் மாமா பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டு பார்க்கிறார், அம்மா இல்லை. அக்காவை வாகைநத்தத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. வாகைநத்தம் ஒன்றும் தூரமில்லை, வாய்க்கால் பாலமும் ரயில்வே கேட்டும் தாண்டினால் வந்துவிடும். மாப்பிள்ளை சிவசுப்பு அத்தான் மோட்டார் காயில் கட்டுகிறவர், நல்ல மாதிரி, ஆனால் வாய் திறக்க மாட்டார். அந்த வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து அவருடைய அம்மா பிரமு அம்மாள் ஒருத்தியே பேசிவிடுவாள். போன வருஷம் அக்காவின் கல்யாணப் பட்டுச்சேலையை, அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பிரமு அம்மாள் எடுத்துத் தென்காசியில் இருக்கிற தன் மகளுக்கு ஒரு விசேஷத்துக்கென்று கொடுத்துவிட்டாள். பட்டு எங்கே என்று அக்கா கேட்டாள். "இந்த வீட்டுல உன் பொருளு எம் பொருளுன்னு என்னட்டி பேச்சு? நீயே எங்க பொருளுதான்" என்றாள் பிரமு அம்மாள். அக்கா புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் டி.வி. ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கட்டியிருந்த சேலையோடு வந்தவள்தான் வடிவு அக்கா. பீரோ, கட்டில், அண்டா, குடம், கிரைண்டர் என்று அப்பா போட்ட சீர் அத்தனையும் வாகைநத்தத்திலேயே நின்றுபோனது.

இங்கே வந்து, எதிர்வீட்டு ரோசம்மா டீச்சரின் கிரைண்டரை வைகாசி வரைக்கும் என்று சொல்லி இரவல் வாங்கி, மாவாட்டி விற்றாள். எங்கள் தெருவில் பாதி வீட்டு இட்லி அவள் கைமாவுதான். பொருள்கள் நடக்கத் தொடங்கிய மறுநாளே அந்த கிரைண்டர் தன் கல்லை மடியில் இருத்திக்கொண்டு தெருவைக் கடந்து டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டது. டீச்சருக்குச் சங்கடமாகிவிட்டது. "நான் கூப்பிடலம்மா வடிவு, சத்தியமா கூப்பிடல. நீ எடுத்துட்டுப் போ, ஆட்டு" என்று தானே கைபிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வைத்தார். மறுநாள் வெயில் ஏறியதும் அது திரும்பப் போனது. டீச்சர் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள், கிரைண்டர் வேண்டும், வாய் சொன்னதை மனசு சொல்லவில்லை, கிரைண்டருக்கு அது தெரிந்துவிட்டது. டீச்சர் அப்புறம் இரண்டு நாள் வாசல் பக்கமே வரவில்லை. தெருவில் உப்புமா நாற்றம் கிளம்பிற்று.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் பட்டு வந்தது. அரக்குச் சேலை, மயில்கழுத்துக் கரை, தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தது. புழுதி படாமல் யாரோ ஒரு பிரயாணி மேலே செய்தித்தாளைப் போர்த்திவிட்டிருந்தார். மடிப்பின் முனைகளைக் காலாக ஊன்றித் தெருவோரமாகவே நடந்துவந்து, வீட்டுக்குள் நுழைந்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த வடிவு அக்காவின் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. அக்கா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். சிரித்தாள். நாங்கள் எல்லாரும் ஜன்னலில் நின்று சிரித்தோம். "அப்போ கிரைண்டரும் வரும்ட்டி!" என்று என் அம்மா கத்தினாள். அப்புறம் அக்காவின் முகம் மெல்ல மாறியது. கீரையைத் தள்ளிவிட்டு, சேலையை ஓரமாக வைத்துவிட்டு, தன்னுடைய இரண்டு பாதங்களையும் நீட்டி, அவற்றை வேறு யாருடையதோபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் வெயில் ஏறுமுன் அவள் பழைய சேலைக் கிழிசலால் தன் வலது கணுக்காலை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

"என்னக்கா இது?"

"எங்கப்பா என்னயத் தாரை வார்த்துக் குடுத்தாருலா. மேளம் அடிச்சு, மூணு தரம் தண்ணி ஊத்தி, அவுங்க கையில என் கையை வச்சு, ஊரே பாக்கக் குடுத்தாரு. மனசோட குடுத்தது. அவுகளும் மனசோட வாங்குனாக. கையும் மாறிட்டு. குடுத்த பொருள் எங்க போகணுமோ அங்கதானே போகும்?"

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

இந்தச் செய்தி டீக்கடைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? தெருவில் ஆள் ஆளுக்கு அக்காவின் காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கீரைக்காரி முகத்தைப் பார்க்காமல் பாதத்தைப் பார்த்துக் கீரை விலை சொன்னாள். "ஏளா, சாயங்காலமானா உள்ளங்கால் கூசுதா?" என்று என் அம்மாவே கேட்டாள். டீக்கடையில் ஐயம்பெருமாள் அண்ணாச்சி, "தாரை வார்த்தது வார்த்ததுதானே, அதை இல்லன்னு சொல்ல முடியுமாவே?" என்றார். வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. "மனுசி பொருள் கிடையாதுய்யா! எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டும் பாப்போம்!" அண்ணாச்சி டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சி, "ஏணி நடக்கும்னு எந்தச் சட்டத்துலவே இருக்கு?" என்றார். வக்கீல் ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவருக்கே உள்ளுக்குள் பயம்தான் என்று கடையில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. பெஞ்சின் ஓரத்தில் ஆதிமூலம் மாமா உட்கார்ந்திருந்தார். தாரை வார்த்த வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டிருந்தார்.

பட்டு வந்த மாதிரி கிரைண்டர் வரவில்லை, அண்டா வரவில்லை, கட்டில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது பிரமு அம்மாளே போன் போட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது. மாமா போனில் எப்போதும் ஸ்பீக்கர்தான், காது கொஞ்சம் மந்தம். அதனால் தெரு முழுக்கக் கேட்டது. அந்தக் குரலை என்னால் அப்படியே எடுக்க முடியும், தகரத்தில் ஆணி கீறுகிற குரல், ஒவ்வொரு வாக்கியத்தையும் கடைசியில் தூக்கி அடிக்கும்.

"சம்பந்தியாரே, ஒங்க மக கொண்டாந்த சாமான் பண்ணுத அக்குருமம் தாங்கல. சாயங்காலமானா போதும், பீரோ கதவைப் போட்டு இடிக்கி, கட்டிலு பின்னால நின்னு முட்டுது, அண்டா உருண்டு உருண்டு தாளத்தைப் போடுது. நான் பூட்டுப் போட்டு வச்சிருக்கேன். எம் மகன் பேரையும் எல்லாத்துலயும் வெட்டிப்புட்டேன், கேக்க மாட்டேங்குது. அவளுக்கு வேணும்னா அவளே வரட்டும். எங்க வாசல்ல வந்து நிக்கட்டும். கதவைத் தொறந்து விடுதேன். சாமான் போகுதா, இல்ல வந்த காலு எங்க வீட்டுக்குள்ள ஏறுதான்னு பாத்துருவோம்!"

மாமா போனைத் துண்டால் துடைத்து மடியில் செருகினார்.

"போகண்டாம் பிள்ள" என்றார் மாமா. "கிரைண்டர் எங்கயாவது பழசா வாங்கிக்கிடலாம்."

"கிரைண்டர் வாங்கிரலாம்ப்பா. தினம் சாயங்காலம் இந்தத் துணியைக் கட்டிக்கிட்டு எத்தன காலம் உக்காந்திருக்க? நான் பொருளா இல்லியான்னு எனக்குத் தெரியணும். அந்த வாசல்ல நின்னாத்தான் தெரியும்."

"காலு உள்ள ஏறிட்டுன்னா?"

வடிவு அக்கா முடிச்சை அவிழ்த்து, துணியை மடித்து, கொடியில் போட்டாள்.

மறுநாள் மூன்று மணி வெயிலில் அவள் புறப்பட்டாள். கூட மாமா, பின்னால் வக்கீல், ஐயம்பெருமாள் அண்ணாச்சி, ரோசம்மா டீச்சர், என் அம்மா, நான், சும்மா வருகிறோம் என்று சொன்ன மிச்சப் பேர். வாய்க்கால் பாலம் தாண்டினோம், ரயில்வே கேட் தாண்டினோம், வாகைநத்தத்துக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து எதிர்ச்சாரியில் நின்றார்கள், ஐஸ் வண்டிக்காரர்கூட வந்துவிட்டார். அவர்கள் ஊரில் பொருள் நடப்பது எங்கள் ஊரைவிட ஒரு நாள் முன்னாலேயே தொடங்கிவிட்டதாக ஒருத்தர் பீற்றிக்கொண்டார்.

பிரமு அம்மாள் பச்சைக் கண்டாங்கிச் சேலையில், இடுப்பில் சாவியோடு, வாசலில் நின்றிருந்தாள். "வந்துட்டாளே மகராசி" என்றாள். பூட்டைத் திறந்தாள், இரண்டு கதவையும் விரியத் தள்ளினாள், பிறகு விலகி நின்றுகொண்டாள். உள்ளே ரேழியில் சிவசுப்பு அத்தான் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அக்கா தெருவில், வாசல்படிக்கு ஓர் எட்டுத் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நின்றாள். வெயில் எதிர்வீட்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாரும் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம், வெடித்த குதிகாலும் மிஞ்சியும் உளுந்து மாவு ஊறி ஊறி வெளுத்த நகமுமாக அவை அங்கே இருந்தன.

வெயில் சுவர் உச்சியைத் தொட்டது.

அக்காவின் வலது கால் மேலே எழும்பியது.

தெருவே மூச்சை இழுத்தது. பிரமு அம்மாள், "பாத்தியளா!" என்று கையைத் தூக்கினாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார். தூக்கின காலை அக்கா இடது கெண்டைக்காலில் வைத்து, தேய்த்து, மறுபடி தேய்த்து, பழைய இடத்திலேயே திரும்ப ஊன்றினாள்.

"எறும்பு" என்றாள்.

சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் வீட்டுக்குள் சத்தம் கேட்டது. முதலில் பித்தளைக் குடம் உருண்டு வந்தது, பிறகு கட்டில், அன்றைக்கே பிறந்த கன்றுக்குட்டிபோல நாலு காலும் நாலு திசையில் வைத்து, படியில் தடுமாறி இறங்கியது. கிரைண்டர் கல்லை அணைத்துக்கொண்டு இறங்கியது. பீரோ வந்தது, நிலையில் இடித்தது, நின்றது. கல்யாணத்தன்று அதைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள், அதற்குத் தானாகச் சாயத் தெரியவில்லை. சிவசுப்பு அத்தான் தோளைக் கொடுத்து, மெல்லச் சாய்த்து, உச்சியில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார், நிலையில் துருத்திய தாழ்ப்பாள் கொண்டி அதன் பெயின்டைக் கீறிவிடாமல். கொண்டி அவர் புறங்கையைக் கீறிற்று. ஒரு வருஷத்தில், வெட்டின பேரைத் தவிர, அந்தச் சாமான்களில் ஒன்றிலாவது ஒரு கீறலோ தூசியோ இல்லை, நான் பார்த்தேன், எல்லாரும் பார்த்தார்கள்.

கடைசியாக அண்டா வந்தது. வாசல்படியில் நின்றது. டொக்கு, டொக்கு.

பிரமு அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எதுக்கு? எதுக்குப் போடணும்? நானா வாங்கினேன், இரவலா வாங்கினேன்?" என்றாள். டொக்கு, டொக்கு. இரண்டு ஊரும் காத்திருந்தது. பிரமு அம்மாள் அண்டாவை முறைத்தாள், ஊரை முறைத்தாள், "வெறும் பாத்திரத்தை அனுப்புனா நாளைக்கு என் வீட்டுலல்லா இல்லாமப் போவும்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், ஒரு படி உளுந்தைக் கொண்டுவந்து கொட்டினாள். கொஞ்சம் யோசித்தாள். திரும்பப் போய் இன்னொரு படி கொண்டுவந்து கொட்டினாள். அண்டா இறங்கியது.

"சாமான் போகட்டும்" என்றாள் மூச்சு வாங்க. "ஆனா கழுத்துல கெடக்கது? அது எங்க தங்கம். அது ஏன் வரலங்கேன்?"

இப்போது எல்லாரும் அக்காவின் கழுத்தைப் பார்த்தோம். தாலிச் சரடு ரவிக்கைக்குள்ளே அசையாமல் கிடந்தது. வெயில் இறங்கியும் அது அசையவில்லை.

"அது நான் குடுத்ததும்மா" என்றார் சிவசுப்பு அத்தான். அந்த வாசலில் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, யாருக்கும் காட்டாமல் காட்டுவதுபோல, தன் இடது மணிக்கட்டைத் திருப்பினார். தலைதீபாவளிக்கு அக்கா வாங்கிக் கொடுத்த வாட்ச். "இதுவும் போகல, வடிவு. தினம் சாயங்காலம் பாத்துக்கிட்டே இருக்கேன். போயிருமோன்னு வாரை இறுக்கிக்கூட போட்டேன்."

"எப்படிப் போகும்" என்றாள் அக்கா. "அது நான் குடுத்தது."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அக்கா காத்திருந்தாள், உண்மையிலேயே காத்திருந்தாள், மாவு பொங்குகிறவரை காத்திருப்பதுபோல அவசரப்படாமல் காத்திருந்தாள். அவர் கீறின புறங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பீரோவின் கைப்பிடியைப் பார்த்தார்.

பிரமு அம்மாள் மாமாவைப் பார்த்துத் திரும்பினாள். "சம்பந்தியாரே, வாயத் தொறந்து சொல்லும். ஊர் முன்னால கேக்கேன். அன்னைக்கு மேடையில வச்சு இவளை எங்களுக்குத் தாரை வார்த்துக் குடுத்தீரா, இல்லியா?"

ஆதிமூலம் மாமா முன்னால் வந்தார். ஊரில் பாதிப் பேர் சைக்கிளைத் தினமும் பூட்டாமல் அவரிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் அதில் ஒன்றில்கூட ஏறி ஒரு சுற்றுச் சுற்றினது கிடையாது. வலது கையை மூடியிருந்த இடது கையை எடுத்தார்.

"வார்த்தேன்மா. இல்லன்னு சொல்லல. ஐயர் சொல்லச் சொல்ல மூணு தரம் வார்த்தேன். ஆனா எனக்குச் சொந்தமில்லாததை நான் எங்கருந்து குடுக்க? இவ எங்கிட்ட வளந்தா, அவ்வளவுதான். அன்னைக்கு என் கையில தண்ணிதான் இருந்துச்சு. தண்ணியத்தான் வார்த்தேன்."

ஐயம்பெருமாள் அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வியர்வை இல்லாத முகத்தை.

வடிவு அக்கா குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். பிரமு அம்மாளிடம், "உளுந்து நல்ல உளுந்து அத்தை" என்றாள். அத்தானிடம், "கைக்கு மஞ்சள் வச்சுக் கட்டுங்க" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள். அவள் நடந்த பிறகுதான் சாமான்கள் நடந்தன. கட்டில், குடம், கிரைண்டர், பீரோ, உளுந்து சிந்தாமல் நிதானமாக அண்டா. வாகைநத்தத்துப் பிள்ளைகள் ஊர் எல்லைவரை கூடவே ஓடிவந்தார்கள். பிரமு அம்மாள் கதவைச் சாத்தவில்லை. விரியத் திறந்த கதவின் நடுவே, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அத்தான் தெருவில் இறங்கி, நாங்கள் வளைவு திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில், நீளமானது. கேட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு லாரி, ஒரு மினி பஸ், அதற்குப் பின்னால் கட்டில், பீரோ, மற்றவை எல்லாம் வரிசையில் நின்றன. லாரி டிரைவர் இறங்கிவந்து பீரோவின் மறைவில் பீடி பற்றவைத்தார். மாமா மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். காலையிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்காதவர் இப்போது பார்த்தார்.

"ரொம்ப நடந்துட்டியே பிள்ள. கால் வலிக்கா? மினி பஸ்ஸுல ஏத்தி விடட்டா?"

வடிவு அக்கா செருப்பைக் கழற்றி, உள்ளே இருந்த மண்ணைத் தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"என் காலுதானேப்பா. வலிச்சா நான் பாத்துக்கிடுதேன்."